மேல்நோக்கி எழுந்த மூன்று எரிமீன்கள்

அறம் ஓங்குக. ஏழ்வரை நாட்டின் ஆறுகள் வற்றாதிருக்க. கல்மதில் கோட்டைத் தலைவர் கீரந்தையாரும் அவர்தம் குடியும் நலம் பெறுக. மறைந்த மன்னர் பெருஞ்சாத்தரின் தேவியும் இந்நாட்டின் ஆட்சிப் பொறுப்பேற்றவளுமாகிய எழினி தன் கையாலேயே எழுதி விடுத்த ஓலை.

கூகைக்குன்றிலிருந்து உதவி வேண்டி எழுந்த தீயம்புகளைக் கண்டு அறிவியாமல் உறங்கினான் என்று, நும் சிறையிலுள்ள காவலன் கோடனை வரும் முழுநிலா நாளில் கழுவேற்ற அவை தீர்ப்பளித்தது. அதில் முத்திரை பதித்தவள் யானே. அவன் உறங்கவில்லை என்பதை அறிந்தவளும் யானே.

விண்ணிலிருந்து வீழும் எரிமீன்களை எண்ணிக் குறிப்பதில் மன்னருக்கிருந்த தீராத விருப்பத்தை நாடறியும். ஐப்பசி பிறந்தால் அரண்மனை மேல்மாடத்தில் தலையோடு தலை பொருந்தப் படுத்து, அவர் தெற்கும் யான் வடக்குமாக வானைப் பங்கிட்டுக்கொள்வோம். விளக்கு ஆகாது. ஒருவர் கூறும் திசைக்கு மற்றவர் திரும்பலாகாது. திரும்பினால் தம் பங்கு தவறும். ஒவ்வோர் எரிமீனுக்கும் என் விரலிடை நூலில் ஒரு முடிச்சிடுவேன். விடிந்தபின் அவற்றை ஓலையில் ஏற்றுவோம்.

கோடன் காவலிலிருந்த அன்றிரவு, இருபத்தேழாம் முடிச்சுக்குப் பின், தெற்கே மூன்று, மேல்நோக்கி எழுகின்றன, இது புதுமை என்று அவர் மகிழ்ந்து கூறினார். யான் திரும்பாமல் மூன்று முடிச்சிட்டேன். சற்றைக்கெல்லாம் கோடன் மூச்சிரைக்க ஓடிவந்து, குன்றில் தீயம்பு எழுந்தது, படை அனுப்பவேண்டும் என்று பணிந்தான். மன்னர் நகைத்து, உன் அம்புகளை யாம் முன்பே எண்ணிவிட்டோம் கோடா, அவை விண்ணுக்குரியவை, கண்ணைக் கழுவிக்கொண்டு போ, எம் வானை மறைத்து நில்லாதே என்றார். யானும் உடன் நகைத்தேன்.

அக்குன்றில் என் தம்பி இளஞ்சேந்தனும் நாற்பது வீரரும் இருந்தனர். விடியலில் புகை கண்டு விரைந்த மன்னரும் திரும்பவில்லை. அவையில் கோடன் எதையும் கூறவில்லை. மாண்ட மன்னரின் பெயரை அவன் தன் உயிரால் காத்தான். யானும் அதையே காத்தேன், அவன் உயிரால்.

இன்றும் வடக்கு நோக்கியே படுக்கிறேன். தலைக்குப் பின்னாலிருந்து, தெற்கே மூன்று என்னும் குரல் வருகிறது. கை தானாக நூலைத் தேடுகிறது.

ஆதலால், இவ்வோலை கண்ட கணமே கோடனின் தளை அறுக்கப்படுக. உடன்வரும் நூலைக் கோட்டை முற்றத்தில் விரித்து, இருபத்தேழுக்கு அடுத்த மூன்று முடிச்சுகளையும் அனைவரும் தொட்டறியச் செய்க. அவற்றை எவரும் அவிழ்க்கலாகாது. அவன் மீண்டும் காவலுக்கு இசைவானாயின், அவன் ஓடிவரும் வழியில் எக்கதவும் அடைபடாதிருக்க. இது எழினியின் ஆணை.

முத்திரையரக்கு ஆறுமுன் தூதன் புறப்படுகிறான். இன்றிரவு யான் தெற்கு நோக்கிப் படுப்பேன்.