ஐந்தேகால் மணிச் சிவப்புக் கோடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் நான் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். இங்கே நான் நலம். உன் அப்பா நலமா என்று கேட்டால் அதை ஒரு வரியில் எழுத முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. நீ கூப்பிட்டால் அவர்தான் எடுக்கிறார், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் இன்றைக்கு எத்தனை யூனிட் வந்தது என்று ஆரம்பித்துவிடுகிறார். அவர் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தூங்குவார். நான் மாடிப்படி உச்சியில், நீ சோலார் பெட்டி மாட்டிய அந்தச் சின்ன அறையில், இஸ்திரி மேஜையின் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கரப்பான்பூச்சியைக் கண்டு வருகிற அருவருப்பு என்றால் துடைப்பத்தோடு போய்விடும். இது மனிதர்கள் மேல் வந்திருக்கிறது, அதில் உன் அப்பாவும் உண்டு, நீயும் உண்டு, நானும் உண்டு.

சோலாரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே குளிரில் நின்று சம்பாதித்து எங்களுக்காக மாடியில் எட்டுப் பலகை போட்டுக் கொடுத்தாய், அதை மறந்தால் எனக்கு நல்ல கதி கிடைக்காது. பேட்டரி வேண்டாம், வெயில் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொண்டால் போதும் என்று நீ சொன்னதும் நியாயம்தான். ஆனால் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்த மனிதர் கையில் வெயிலைக் கொடுத்தால் என்ன செய்வார், அதற்கும் டைம் டேபிள் போட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பத்து மணிக்குத் தண்ணீர் மோட்டார், பத்தரைக்கு வாஷிங் மெஷின், பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை டேங்கில் ஹீட்டர், அது நின்ற பிறகுதான் இஸ்திரிப் பெட்டி. இரண்டு பெரிய சாமானை நான் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் இரண்டு பஸ்ஸை எதிரும் புதிருமாக விட்டதைப் போல ஓடி வருவார். மேகம் மறைத்தால் மிக்ஸியைப் பாதியில் நிறுத்தச் சொல்வார், மேகம் போகிற வரை நான் கரண்டியும் கையுமாக நிற்க வேண்டும். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டேதான் செய்தேன். மதியம் சுட்ட தண்ணீர் அந்த மூடிய டேங்கில் மறுநாள் காலை வரை ஆறாமல் இருக்கிறது, குளிக்க லைன் கரண்ட் துளியும் வேண்டியதில்லை, நல்லதுதானே.

வினை எல்லாம் அந்தப் போனில் தெரிகிற படத்தில் இருக்கிறது. வெயில் கொடுப்பது மஞ்சள் மேடு, லைனிலிருந்து நாம் இழுப்பது சிவப்புக் கோடு. இங்கே சிவப்பு எட்டிப் பார்த்தால் அங்கே உனக்குத் தெரிந்துவிடுகிறது. காலையில் ஐந்தேகாலுக்கு ஒரு சிவப்புக் கோடு ஏழெட்டு மாதமாக வருகிறது, முதலில் வாரத்துக்கு இரண்டு நாள், இப்போது அநேகமாக எல்லா நாளும். "யாருப்பா விடியறதுக்கு முன்னாடி மெஷின் போடறது, அதுவும் சுடுதண்ணில? பத்தரைக்குப் போட்டா வெயில்லயே ஓடிடுமே" என்று எத்தனை மெசேஜ் அனுப்பியிருப்பாய். ஒவ்வொன்றையும் உன் அப்பா எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார், ஏதோ எனக்கும் உனக்கும் நடுவில் உள்ள விவகாரம் மாதிரி. நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல முடியாதபடி என் வாயை அவரே கட்டிப் போட்டிருந்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்குத் தூக்கத்தில் தெரியாமல் சிறுநீர் போய்விடுகிறது. முதல் தடவை நான் கண் விழித்தபோது மனிதர் கட்டிலுக்குப் பக்கத்தில், பரீட்சையில் தோற்ற பையனைப் போலத் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது, முகம் சுளிக்கத் தோன்றவில்லை. உன் துணியைத் துவைத்தவள்தானே, என் மாமியாரைக் கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள்தானே, எனக்கு இது என்ன புதுசா. ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா அப்புறம் நான் அவன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். டாக்டரிடம் போகலாம் என்றால், வயசானா வர்றதுதான், இதை எந்த வாயால போய்ச் சொல்றது என்று எழுந்து போய்விடுவார். நம் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவள் சரியாக ஏழு மணிக்கு வருவாள், அவளுக்கு ஏழு மணி என்றே உன் அப்பா பெயர் வைத்திருக்கிறார். அவள் வருவதற்குள் போர்வை, விரிப்பு, வேட்டி எல்லாவற்றையும் துவைத்து, யார் கண்ணிலும் படாமல் இந்தச் சின்ன அறையில் கயிறு கட்டிக் காயப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் நாற்றம் போவதில்லை, சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஓடினால்தான் போகிறது. நீ பார்த்த சிவப்புக் கோடு அதுதான், உன் அம்மாவின் அறிவில்லாத்தனம் இல்லை. பயத்தில் அவர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை விட்டார், பிறகு ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டார், கன்னம் ஒட்டிப் போயிற்று. வீடியோவில் பார்த்துவிட்டு, "ஸ்லிம்மாயிட்டீங்கப்பா, சூப்பர்" என்று நீ சொன்னாய், அவரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இதுவரை நடந்ததில் எனக்கு வருத்தம் உண்டே தவிர வெறுப்பு இல்லை. வெறுப்பு வந்தது போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. உன் அத்தை வந்திருந்தாள், நினைவிருக்கிறதா, நாலு பேரும் வீடியோவில் பேசினோம். நீ அந்தப் படத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் காட்டி, இதோ பாருங்க அத்தை, எங்க வீட்டு அஞ்சேகால் மணி அதிசயம் என்றாய். உன் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும், அவளுக்கு என்ன தெரியும். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றுவார் என்று பார்த்தேன், உண்மையைச் சொல்ல வேண்டாம், அது போகட்டும் விடுப்பா என்று ஒரு வார்த்தை போதும். அவர் உங்களோடு சேர்ந்து பல்லை இளித்தார். "உங்கம்மாவுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாதுப்பா, அவளுக்குப் பழைய புத்தி" என்றார். அப்போ பத்து மணிக்கு முன்னாடி மெஷின் ஓடாதபடி இங்கேருந்தே பூட்டிடட்டுமா என்று நீ கேட்டாய். "பூட்டிடு, அப்பதான் திருந்துவா" என்று ஒத்து ஊதினார். அவர் நனைத்த விரிப்பை அன்று விடியற்காலையும் நான்தான் அலசியிருந்தேன், என் கையில் அந்த சோப்பு வாசனை அப்போதும் போயிருக்கவில்லை. ஏழு மாதமாக அந்தத் துணியைத் தொட்டு வராத குமட்டல் அந்தச் சிரிப்பைக் கேட்டு வந்தது. அன்றைக்கு அவர் சாப்பிட்ட தட்டை எடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

நீ பூட்டியும் விட்டாய். செவ்வாய்க்கிழமை ஐந்தேகாலுக்குப் பட்டனை அழுத்தினால் மெஷினில் ஒரு சின்னப் பூட்டுப் படம் மினுமினுக்கிறது, அவ்வளவுதான், உயிர் இல்லை. நான் எங்கோ இருக்கிற பிள்ளையிடம் அனுமதி வாங்கித்தான் என் வீட்டுத் துணியைத் துவைக்க வேண்டும் என்று ஆகிவிட்டதை நினைத்தபோது, சீ என்று போய்விட்டது. கையால் கசக்கியிருக்கலாம், டேங்கில் சுடுதண்ணீர் இருந்தது. நான் கசக்கவில்லை. எல்லாவற்றையும் பச்சை வாளியில் திணித்துக் கொண்டுவந்து கூடத்தில், ஃப்ரிட்ஜுக்கு முன்னால், அந்த டைம் டேபிளுக்கு நேர் கீழே வைத்தேன். அவர் என்ன இது என்றார். மெஷின் நேரம் பத்தரை, அதுவரை இங்கேயே இருக்கட்டும், உங்க பையன் சொல்லியிருக்கான், நீங்களும்தான் சொன்னீங்க என்றேன். கெஞ்சினார், எடுத்து உள்ளே வை என்றார். நான் அசையவில்லை. மூன்று ஜன்னலையும் திறந்தும் வீடெல்லாம் வாடை. மணி ஏழாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது, நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரை இப்படி நடுக்கூடத்தில் வைத்து அவமானப்படுத்துகிறேனே என்று. எடுத்துவிடலாம் என்று எழுந்தேன், அதற்குள் கதவு திறந்துவிட்டது.

ஏழு மணி உள்ளே வந்து வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்துப் போய்க் குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்தாள். நான் பின்னாலேயே ஓடி, நீ தொடாதே நான் பார்த்துக்கறேன் என்றேன். "விடுங்கம்மா, ஆறு மாசமா எனக்குத் தெரியும், வாரத்துல அஞ்சு நாள் விரிப்பு மாறுதே, எனக்குக் கண்ணு இல்லையா" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம், வேறென்ன. கூடத்தில் இருக்கிறவருக்கும் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னாள், "எங்க மாமனாருக்கும் இதேதான், வெக்கப்பட்டு ரெண்டு வருஷம் மறைச்சாரு, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், மாத்திரைலயே சரியாயிடுச்சு, இப்ப சைக்கிள் ஓட்டறாரு, ஐயா எதுக்குப் பட்டினி கெடக்கணும்." கூடத்தில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. அவள் அலசி வைத்ததைப் போட்டு அன்று பத்தரைக்கு மெஷின் நல்ல வெயிலில் ஓடியது, விரிப்பை மாடியில் வெளிக்கயிற்றில் போட்டேன், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அப்படித்தான். சாயங்காலம் உன் மெசேஜ் வந்தது, இன்னிக்கு அஞ்சேகால் சிவப்பே இல்ல, அம்மா திருந்திட்டாங்க என்று. இந்தத் தடவை உன் அப்பா அதை உரக்கப் படிக்கவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, நான் பண்ணினது தப்பு, டாக்டர்கிட்ட வரேன் என்றார். உடனே, ஆனா பையனுக்குத் தெரியக் கூடாது என்றார். சரி என்றேன், இது இரண்டாவது வாக்கு. இரண்டையும் சேர்த்து இந்தக் கடிதத்தில் உடைத்துவிட்டேன், பாவம் வந்தால் எனக்கே வரட்டும்.

தெருமுனை லேபில் சர்க்கரை பார்த்தோம், இல்லை. இல்லை என்றதும் நிம்மதி வரும் என்று நினைத்தேன், பயம்தான் கூடியது, சர்க்கரை இல்லையென்றால் வேறு என்ன, இளைத்தது பட்டினியால் மட்டும்தானா என்று. பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கிற டாக்டரிடம் மாதக் கடைசி வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும், ஏழு மணியிடம் கொடுத்துத்தான் தபாலில் போடச் சொல்கிறேன். நன்றாகக் கேட்டுக்கொள், உனக்கு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போலப் பேசு, யூனிட் கேள், அவர் சொல்வதற்குச் சிரி, ஆனால் என்னை வைத்துச் சிரிக்காதே, அதை இனி நான் பொறுக்க மாட்டேன். உன் ஆபீஸில் எல்லோருடைய அப்பாவுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை செய்கிறார்களாம் என்று எதையாவது புளுகி வை, நாளைக்கு ஆபரேஷன் அது இது என்றால் அவர் தானாக உன்னிடம் வாய் திறக்க ஒரு வழி இருக்கும். அப்புறம் அந்தப் பூட்டை எடு. இப்போது பத்தரைக்குத்தான் போடுகிறோம், அந்த ஐந்தேகால் சிவப்பு வருவதில்லை, நீ ஜெயித்தாய், இருந்தாலும் எடு. பன்னிரண்டு மணி வெயிலில் ஓட்டுவதும் விடியுமுன் ஓட்டுவதும் இந்த வீட்டில் நான் முடிவு செய்வேன். நீ கெட்டவன் என்று சொல்லவில்லை கண்ணா, அவ்வளவு தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதானே அதையெல்லாம் மாட்டினாய். ஆனால் கோடு போட்டுக் காட்டுகிறதே என்று எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துவிட்டாய். ஏன் என்று ஒரு தடவை என்னிடம் தனியாகக் கேட்டிருந்தால் வாக்கையும் மீறிச் சொல்லியிருப்பேன்.

நீங்கள் இருவரும் நூறு வயது சேர்ந்து வாழ வேண்டும், மருமகளை வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட விடாதே, நீயும் தண்ணீர் நிறையக் குடி. உன் அத்தைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அந்த வியாழக்கிழமை ஒன்பதரைக்கு நாங்கள் கிளம்புவோம், ஸ்கேன் எல்லாம் முடிந்து திரும்ப மூன்று நான்கு ஆகும். டேங்க் ஹீட்டர் மட்டும் தானாக ஓடி நிற்கும், மோட்டாரும் மெஷினும் ஓடாது, உன் போனில் மஞ்சள் மட்டும் மேடாக எழும்பி நிற்கும், எடுத்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்காது. இவ்வளவு வெயில் ஏன்பா வீணாகுது என்று மெசேஜ் போட்டுவிடாதே, அவர் அங்கே டாக்டர் அறை வாசலில் என் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு ஒரு நாள் வெயில் வீணாகவே போகட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா