கடலுக்கடியில நல்ல தண்ணி

அம்மா,

முட்டி வலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

நேத்து கடலுக்கடியில, ரெண்டாள் ஆழத்துல, மணல்ல வட்ட வட்டமா குழி பாத்தேன். உள்ள மணல் உலை மாதிரி கொதிக்குது, கைய வெச்சா ஜில்லுனு இருக்கு. நான் வீடியோவுல நூறு தடவ பாத்த நன்னீர் ஊத்தும்மா! நிஜமான்னு பாக்க, வாயில கடிச்சிருந்த காத்துக்குழாய எடுத்துட்டு ஒரு வாய் குடிச்சேன். உப்பே இல்ல. லேசா புரையேறுச்சு, நீதான் நெனைக்கறியோன்னு சந்தோஷமாயிடுச்சு.

மேல வந்ததும், எங்களுக்கு டைவிங் கத்துக்குடுக்கற மாஸ்டர், "அறிவிருக்கா? உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?"ன்னு கத்துனாரு. நீ என்கூடப் பேசறதே இல்லன்னு அவருகிட்ட சொல்லல.

உன்கிட்ட சொல்லாம கிளம்பி வந்தது தப்புதாம்மா. என் பழைய போர்வைய அனுப்பி வை. ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன், திட்டறதுக்காவது போன எடு.

படகு கிளம்புது, வரேம்மா.