ஒரே கை, இரண்டு கட்டுரைகள்

வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, பிடுங்கும் காலத்தில் திண்டிவனத்தில் என் வார்டு முழுக்க ஈரமண் வாசனைதான். இன்று காலை பாம்பு கடித்து வந்த ஒரு பெண்ணின் வீங்கிய கையிலிருந்து வளையல்களை வெட்டி எடுத்தேன். உடனே உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. நீ இறந்துபோய்விட்டாய்; இப்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

ஒன்றாக டாக்டருக்குப் படித்தோம். எனக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரி வாய்த்தது, உனக்கு விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. இங்கே கைமீறுகிற பாம்புக்கடியை எல்லாம் உன்னிடம்தான் அனுப்புவேன். போன் செய்தால், "அனுப்புடி, நான் பாத்துக்கறேன்" என்பாய். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் நான் டீ குடிப்பேன்.

நான் அனுப்பிய அந்தத் திண்டிவனம் நோயாளிகளை வைத்துத்தான் உன் முதல் கட்டுரையை எழுதினாய். விஷமுறிவு மருந்து பாதி அளவே போதும் என்றாய். கூடவே, ஆட்கள் குறைவு, வேறு ஊரிலும் பார்த்துவிட்டே நம்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு எவ்வளவு பெருமை! அடுத்த மாதமே, "ஒண்ணை வெச்சிக்கினு என்னாடி பண்றது? ப்ரொமோஷனுக்கு இன்னொண்ணு கேக்கறாங்க" என்று அலுத்துக்கொண்டாய். நான் சிரித்தேன்.

நீ போன பிறகு, போன வருஷம், இங்கே ஒரு டூட்டி டாக்டர் பாதி மருந்தோடு நிறுத்திவிட்டார். நோயாளியின் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. கேட்டால், "ரெண்டு ஊர்ல பாத்து எழுதியிருக்காங்க மேடம்" என்று போனை நீட்டினார். திண்டிவனம் ஒரு பத்திரிகையில், விழுப்புரம் இன்னொன்றில். இரண்டிலும் உன் பெயர். இரண்டாவதை நான் அன்றுதான் பார்த்தேன். அதில், நான் உனக்கு அனுப்பி, முதல் கட்டுரையிலும் நீ சேர்த்திருந்த முகையூர்ப் பெண்ணின் கை படமாக இருந்தது. வளையல் வெட்டும்போது என் கத்தரி கீறிய கோடுகூடத் தெரிந்தது. இங்கே சேர்த்து அங்கே அனுப்பிய அதே ஆட்களை, அங்கே புது நம்பரில் பதிந்ததை வைத்து, விழுப்புரத்தின் வேறு ஆட்களாக்கிவிட்டாய். வேறு ஊரிலும் பார்க்க வேண்டும் என்றவள் நீதானே?

மீதி மருந்தை ஏற்றினோம். அந்த மனிதர் பிழைக்கவில்லை. முழு மருந்து முதலிலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. இரண்டிலும் ஒரே ஆட்கள்தான் என்று அன்றே பத்திரிகைக்கு எழுதினேன். இப்போது உன் இரண்டாவது கட்டுரையின் குறுக்கே, திரும்பப் பெறப்பட்டது என்று சிவப்பில் போட்டுவிட்டார்கள்.

மருத்துவம் படிக்கும் உன் மகள் போன் செய்தாள். "அம்மா பேரைப் போட்டுத் தேடினா முதல்ல அதான் வருது ஆண்ட்டி. நீங்கதான் பத்திரிகைக்கு எழுதினீங்களாமே?"

"ஆமாம்மா" என்றேன். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

இன்று காலை வந்த பெண்ணுக்கு முழு அளவு ஏற்றியும் சிறுநீர் இறங்கவில்லை. விழுப்புரத்துக்கு ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டேன். ஏற்றிவிட்டு, கை தானாக உன் நம்பரைப் போட்டது. உபயோகத்தில் இல்லை என்றது. எந்தக் கட்டுரையையும்விட, நான் பாத்துக்கறேன் என்ற உன் வார்த்தையைத்தான் நான் நம்பினேன். பாவி, அதை மட்டும் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.