முந்நூறு புத்தகத்தில் அம்மா

ஸ்ட்ராஸ்பர்க்,
தவக்காலம் முதல் திங்கள், 1473

அன்பு அக்கா ஒடீலியாவுக்கு,

நலம். கையெல்லாம் மை, அதனால் கடிதத்திலும் மை, திட்டாதே. நீ இரவல் தந்த இறந்தோர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து எங்கள் பட்டறை அச்சில் அழுத்தினோம். அக்கா, ஒரே பக்கம், ஒரே நாளில், முந்நூறு தடவை! இம்மியும் மாறவில்லை. உனக்கொரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி,
வெண்டெல்

கோல்மார் கன்னியர் மடம்,
ஈஸ்டருக்கு மறுவாரம்

அடேய் வெண்டெல்,

ஒரு குளிர்காலம் முழுக்க விரல் விறைக்க நான் எழுதியது அது! பொறாமையாகத்தான் இருக்கிறது. தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. "உம் அடியாள் இர்ம்கார்டின் ஆத்துமாவுக்கு..." பாவி! அவரவர் வீட்டில் இறந்தவர் பெயரைச் சொல்ல அங்கே இடம் விடுவதுதானே வழக்கம்? என் சொந்தப் புத்தகம் என்று நான் அம்மா பெயரை எழுதினேன். நீ கவனிக்கவே இல்லையா?

கொள்ளைநோயில், சாமியார் வராமல், கடைசி எண்ணெய் பூசாமல் போனவள். பத்து வருஷமாக நான் ஒருத்திதான் அவளுக்காக மன்றாடுகிறேன். அவள் ஆத்துமா கரையேற இது போதுமா என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தத் துக்கத்தைச் சந்தையில் வைத்துவிட்டாயே.

ஒடீலியா

ஸ்ட்ராஸ்பர்க்,
யோவான் திருநாள்

அக்கா,

மன்னித்துவிடு. எழுத்தைத் தலைகீழாகக் கோக்கிறவனுக்கு எழுத்துதான் தெரியும். பெற்ற தாய்கூடத் தெரிவதில்லை. புத்தகங்கள் பீப்பாய்களில் வடகடலோர லூபெக் நகர் வரை போய்விட்டன. முதலாளி குதிக்கிறார்: "உங்கம்மாவுக்கு ஊரெல்லாம் ஜெபம் சொல்லவா நான் பட்டறை போட்டேன்?" பெயர்மேல் ஒட்ட வெற்றுத்தாள் துண்டுகளை எல்லா ஊருக்கும் அனுப்பாவிட்டால் எனக்கு வேலை கிடையாது. உனக்கும் இரண்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ சொன்னதும் மற்றதை அனுப்புகிறேன்.

வெண்டெல்

கோல்மார்,
புனித மிக்கேல் திருநாள்

என் தங்கமே வெண்டெல்,

நேற்று லூபெக்கிலிருந்து வழிப்போக்காக வந்த சாமியார் ஒருவர் எங்கள் கோயிலில் பூசை வைத்தார். தன் புத்தகத்தைத் திறந்து, "இர்ம்கார்டின் ஆத்துமாவுக்கு" என்றார். பூசை முடியும்வரை பொறுத்தேன். பிறகு கேட்டேன், யார் அந்த இர்ம்கார்ட் என்று.

"தெரியாதும்மா. புத்தகத்துல இருக்கு, எங்க ஊர்ல தினமும் சொல்றோம். யாரோ பெரிய புண்ணியவதி போல."

மீன்காரியோடு மல்லுக்கு நின்ற நம் அம்மா! கடவுளே, எத்தனை ஊர், எத்தனை வாய்! சிரித்தேன், அழுதேன்.

துண்டுகளை அனுப்பிவிடு, வேலையைக் காப்பாற்றிக்கொள். என் புத்தகத்தில் மட்டும் ஒட்டமாட்டேன். இரண்டில் ஒன்றை, பெயர்மேல் ஒட்டச் சொல்லி, அந்தச் சாமியாரிடம் நீட்டினேன்.

"இனிமே எதுக்கும்மா?" என்றார். "வாய்க்குப் பழகிடுச்சே."

உன் அக்கா,
ஒடீலியா