பெட்ரோல் வாசனை

குட்டியின் அம்மாவுக்கு,

நான் சுகம். என் அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா?

இங்கே ஒரு கூத்து. முதலாளியின் பழைய பெட்ரோல் டிராக்டர் ஒரு வாரமாகக் கரும்புகை கக்கியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று தெரிந்து, கார்புரேட்டர் திருகைத் திருகித் திருகி என் விரல்தான் தேய்ந்தது. நேற்று பிளக்கை நெருப்பில் காட்டிக் கரியை எரிக்கலாம் என்று வழக்கம்போல வண்டி பக்கத்திலேயே உட்கார்ந்து லைட்டரை எடுத்தேன். ஷெட் வாசலுக்கு வந்த முதலாளி ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"பெட்ரோல் நாத்தம் கொடலப் புடுங்குது. உனக்குத் தெரியலையா?"

குனிந்து பார்த்தால் என் கால்சட்டையே நனைந்திருந்தது. கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவையில் ஊசித்துளை. அது பெட்ரோல் குடித்து மூழ்கிவிட்டதால், பெட்ரோல் வரும் வழியை அடைக்க ஆளில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. மிதவையை வெளியே எடுத்துப்போய்க் காயவைத்து, ஈயம் வைத்து அடைத்தேன். இப்போது வண்டி சமர்த்தாக ஓடுகிறது. பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை, அவ்வளவுதான். முதலாளியிடம் சளி என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மை தெரிந்தால் ஷெட்டுக்குள் விடமாட்டார். ஆவி பிடிக்கத் தைலம் ஒரு புட்டி அனுப்பு.

வெளியே ஹாரன் அடிக்கிறார்கள், முடிக்கிறேன். போன தடவை குட்டியின் சட்டையைத் துவைக்காமல் அனுப்பியிருந்தாயே, அதைத் தினமும் முகத்தில் வைத்துப் பார்க்கிறேன். இனிமேல் துவைத்தே அனுப்பு.

குட்டியின் அப்பா