அகல டயரைக் கரடி கொண்டுபோனது

ஐலி,

நேற்று இரவே முதல் பனி விழுந்துவிட்டது. மதியம் மாப்பிள்ளை லஸ்ஸே குளிர்கால டயர் மாட்ட வருவான். சால்மன் சூப் அடுப்பில் இருக்கிறது; நன்றாகக் குடிக்கட்டும். தலைநகரத்து ஆள், எப்போது வந்தாலும் பசியோடுதான் வருகிறான்.

கார் கொட்டகைச் சாவியை மட்டும் கொடுக்காதே. அவன் வாங்கிவைத்த 215 மி.மீ. அகல டயர்கள் அங்கே இல்லை.

"பாக்க கெத்தா இருக்கும் மாமா, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே?" என்றான். நீயும் "புள்ள சொல்றது சரிதாங்க" என்று தலையாட்டினாய். நாலும் இழுக்கும், சரி. பிரேக் போட்டால் நாலும் சேர்ந்து வழுக்கும். பக்கத்து வீட்டு உர்ஹோ அப்படித்தான் ஏரிக்கரை இறக்கத்தில் பனிமேல் மிதந்துவந்து, காரோடு சௌனா குளியலறைக்குள் நுழைந்தான். உள்ளே வியர்த்துக்கொண்டிருந்த பாதிரியார், "கதவச் சாத்துப்பா, சூடு போகுது" என்றாராம்.

நம் கார்க் கதவோரம் டயர் அளவு 175 என்று ஒட்டியிருக்கிறது. குறுகிய டயர்தான் பனியைக் கடித்து நிற்கும். நாளை அந்த இறக்கத்தில் உன் அக்கா வீட்டுக்கு ஓட்டப்போவது நீ, அவனில்லை. அதனால் அந்த அகல டயர் நாலையும் சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு, மாற்றிவரக் கடைக்குப் போகிறேன்.

லஸ்ஸே கேட்டால், கரடி தூக்கிப்போய்விட்டது என்று சொல்.

தௌனோ

"குளிர்காலத்துல கரடி தூங்குமே" என்பான். அது தெரிந்தவனுக்கு டயர் அளவு ஏன் தெரியவில்லை என்று கேள்.

இன்னொன்று. ஆணி பதித்த டயராகத்தான் வாங்குவேன். கடகடவென்று சத்தம் போடும் என்று முறைக்காதே. நீ திரும்பி வருவது ஏரிக்கு அந்தப் பக்கமிருந்தே எனக்குக் கேட்க வேண்டும்.