ஸ்கேன் அறையில் நின்ற பேச்சு

தொத்தோரி
நவம்பர் 9

அன்புள்ள சுமியே அக்காவுக்கு,

இங்கே நண்டுக் காலம் தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் காலிடக்கூட இடமில்லை. அத்தானின் முட்டிவலி தேவலையா?

என் வயிற்றுவலிக்காக நேற்று ஸ்கேனுக்குப் போனேன். எடுத்த பெண் நல்ல வாயாடி. "வயித்துல தடவுற ஜெல் ஜில்லுனு இருக்கும், என்னைத் திட்டாதீங்க" என்றாள். "இந்த வயித்துல நண்டைத் தவிர ஒண்ணும் சிக்காது" என்றேன். சிரித்தாள். வலப்பக்க விலாவுக்குக் கீழே வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அதே இடத்தையே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"டாக்டர் சொல்லுவாங்க."

பிறகு குனிந்து என் செருப்பை அவளே மாட்டிவிட்டாள். வாசலில், ஊழியர்கள் பேசிய விதம் திருப்தியா என்று கேட்டு ஒரு சீட்டு நீட்டினார்கள். 'மிகவும் அன்பு' என்று எழுதினேன். அந்த அன்புதான் பயமாக இருக்கிறது.

பெரிய டாக்டர் மாதக் கடைசியில்தான் வருவார். நீயும் இதே வேலைதானே அக்கா, எதைப் பார்த்தால் நீ பேச்சை நிறுத்துவாய்?

உன் கயோ

கனசாவா
நவம்பர் 13

என் கயோவுக்கு,

அசடே! படம் தெளியாவிட்டாலும் வாயை மூடிக்கொள்வோம். நாங்கள் எதையும் சொல்லக் கூடாது, அதுதான் விதி. படங்களின் பிரதியைக் கேட்டு வாங்கி அனுப்பு. பார்த்ததும் எழுதுகிறேன்.

அக்கா

கனசாவா
நவம்பர் 19

அன்புக் கயோ,

நீ அனுப்பிய சிடி வந்தது, பார்த்தேன். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. முள்ளங்கி ஊறுகாயும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன். குளிரில் அலையாதே. டாக்டர் சொல்கிறபடி நட.

என்றும் உன் அக்கா

தொத்தோரி
நவம்பர் 22

அக்கா,

ஊறுகாய் வந்தது. இன்னும் திறக்கவில்லை.

சிடியைப் பார்த்தேன் என்கிறாய், அடுத்த வரியில் பனி விழுகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. சின்ன வயதில் நான் தடுக்கி விழுந்தால்கூட அரைமணி நேரம் திட்டுவாயே! இப்போது ஒரு திட்டுகூட இல்லை.

அந்தப் பெண் யாரோ, அவளுக்கு விதி உண்டு. நீ எனக்கு யார்? உண்மையை எழுது. முடியாவிட்டால் இனி எழுதவே வேண்டாம்.

முழுப் பெயரிலேயே,
கயோகோ

கனசாவா
நவம்பர் 25

கயோ,

ஈரலில் கட்டி தெரிகிறது. ஒன்றல்ல, பல. அதற்குப் பெயர் வைக்க வேண்டியவர் டாக்டர். ஆனால் என் கண்ணுக்கு அது நல்லதாகப் படவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை முள்ளங்கியைத்தான் எழுதியது.

வெள்ளிக்கிழமை முதல் ரயிலில் வருகிறேன். டாக்டர் அறைக்குள் உன்னோடு நானும் வருவேன். அவர் மழுப்பினால் நான் விடமாட்டேன். நீ என்ன கேட்டாலும் சொல்கிறேன்.

கதவைத் தாழ் போடாதே.

சுமியே